டைம்ஸ்டாம்ப்பிலிருந்து தேதியை எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸில் கை வைத்த முதல் வாரமே எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பத்து வருடம் கழித்து வேறு உருவத்தில் அதே கேள்வியோடு திரும்பி வருவார்கள். "டைம்ஸ்டாம்ப்பில் தேதியும் நேரமும் ஒன்றாகக் கிடக்கிறது, எனக்குத் தேதி மட்டும் போதும்." இதற்கு ஒரு வரிப் பதில் இருக்கிறது. அந்த ஒரு வரி எங்கெல்லாம் காலை வாரிவிடும் என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. ஃபங்ஷன்களின் பெயரையும் ஃபார்மட் எழுத்துகளையும் உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். க்வெரியில் (டேட்டாபேஸிடம் கேட்க எழுதும் கட்டளையில்) அவற்றின் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பேச்சில் நாம் 'காலம்' என்று சொல்வதை இங்கே நெடுவரிசை என்கிறேன். நேரத்தைப் பற்றிய கட்டுரையில் காலம் என்று எழுதினால் எந்தக் காலம் என்று எனக்கே குழம்பிவிடும்.

தேதியை மட்டும் எடுக்க மிகச் சுருக்கமான வழி எது?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நெடுவரிசையின் பெயரை அடுத்து இரண்டு முக்காற்புள்ளி வைத்து 'டேட்' என்று எழுதினால் போதும். 'காஸ்ட்' (ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவது) என்று நீட்டி எழுதினாலும் அதே வேலைதான். மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூலைட்டிலும் டேட் என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது; அதற்குள் நெடுவரிசையைக் கொடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் 2008 பதிப்பிலிருந்து டேட் வகைக்கு காஸ்ட் செய்யலாம். அதற்கு முன் எழுதப்பட்ட பழைய க்வெரிகளில் டேட்டிஃபையும் டேட்ஆடையும் ஒன்றுக்குள் ஒன்று திணித்து, பூஜ்யத்திலிருந்து நாள் எண்ணும் ஒரு வித்தையைப் பார்ப்பீர்கள். அதுவும் நேரத்தை வெட்டி எறியும் வேலைதான், பயப்பட வேண்டாம்.

ஆரக்கிளில் 'ட்ரங்க்'. அங்கே டேட் என்ற வகைக்குள்ளேயே மணி, நிமிடம், நொடி எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. திரையில் தெரிவது நாள், மாதம், ஆண்டு மட்டும். இயல்பான காட்சி அமைப்பு அப்படி. அதை நம்பி 'இன்றைய தேதிக்குச் சமம்' என்று நிபந்தனை எழுதினால் பெரும்பாலும் ஒரு வரிகூட வராது. ட்ரங்க் செய்தாலும் வகை டேட்தான், நேரம் நள்ளிரவு ஆகிவிடும், அவ்வளவே.

எல்லா டேட்டாபேஸிலும் டைம்ஸ்டாம்ப் என்றால் ஒன்றுதானா?

இல்லை. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

எஸ்க்யூஎல் சர்வரில் 'டைம்ஸ்டாம்ப்' வகைக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. வரி மாறும்போதெல்லாம் மாறும் ஒரு எண் அது. ரோவெர்ஷன் என்பதுதான் இப்போதைய பெயர். அதிலிருந்து தேதி எடுக்க முடியவில்லையே என்று மணிக்கணக்கில் போராடுபவர்களை இன்றும் காணலாம். அங்கே நமக்கு வேண்டியது டேட்டைம் அல்லது டேட்டைம்2.

மைஎஸ்க்யூஎல்லில் டேட்டைம், டைம்ஸ்டாம்ப் இரண்டும் உண்டு. டேட்டைம் எழுதியதை எழுதியபடியே வைத்திருக்கும். டைம்ஸ்டாம்ப் யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றி வைத்துக்கொண்டு, கேட்கும்போது கேட்பவரின் செஷன், அதாவது அந்த இணைப்பு, எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அதற்குத் திருப்பித் தரும். 2038 ஜனவரி 19 அன்று யூடிசி 03:14:07-க்கு மேல் அதில் எழுத முடியாது. நீண்ட கால ஒப்பந்தம், காப்பீடு போன்றவற்றின் முடிவுத் தேதியை அதில் வைத்திருந்தால் இப்போதே பாருங்கள்.

போஸ்ட்கிரெஸில் மண்டலம் இல்லாத டைம்ஸ்டாம்ப், மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் என்று இரண்டு. இரண்டாவதன் பெயர் கொஞ்சம் பொய் சொல்கிறது. அது எந்த மண்டலத்தையும் சேமிப்பதில்லை. வரும் நேரத்தை யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது, வந்த மண்டலம் எது என்பதை மறந்துவிடுகிறது. இரண்டும் பிடிக்கும் இடம் 8 பைட்தான்.

எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகையே இல்லை. எழுத்தாகவோ, ஜூலியன் நாள் எண்ணாகவோ (தொடர்ந்து ஓடும் நாள் கணக்கு), யூனிக்ஸ் நொடியாகவோ (1970 முதல் கழிந்த நொடிகள்) வைக்கலாம். ஒரே நெடுவரிசையில் மூன்றையும் கலந்து வைத்தாலும் அது வாய் திறக்காது.

அதிகாலை 2 மணிக்குப் பதிவானது ரிப்போர்ட்டில் முந்தைய நாளில் வருகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

டைம்ஸ்டாம்ப் ஒரு கணத்தைச் சொல்கிறது. அந்தக் கணத்துக்கென்று சொந்தமாகத் தேதி கிடையாது. எந்தக் கடிகாரத்தில் பார்க்கிறோமோ அந்தக் கடிகாரம்தான் தேதியைச் சொல்கிறது. யூடிசியில் மார்ச் 4 இரவு 8:30 என்பது, ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடும் மண்டலத்தில் மார்ச் 5 அதிகாலை 2:00. இரண்டும் சரி. ஆகவே 'தேதியை எடு' என்று சொல்லும்போதெல்லாம் 'எந்த மண்டலத்தின் தேதி' என்ற கேள்விக்கும் யாரோ பதில் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் சொல்லவில்லை என்றால் டேட்டாபேஸின் செட்டிங் சொல்லும்.

அந்த செட்டிங்தான் தலைவலி. போஸ்ட்கிரெஸில் மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப்பை டேட் ஆக்கினால், அந்த செஷனின் மண்டலத்தில் உள்ள தேதி வரும். உங்கள் மடிக்கணினியிலிருந்து ஓட்டும்போது ஒரு மண்டலம், சர்வரில் இரவு தானாக ஓடும்போது வேறொரு மண்டலம். க்வெரி ஒன்றே, டேட்டா ஒன்றே, விடை மட்டும் இரண்டு. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் மாதக் கணக்கு எப்போதும் சில வரிகள் உதைத்துக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கமே தப்பு என்று கூட்டல் கழித்தலை மூன்று நாள் சோதித்தோம். கடைசியில் பொருந்தாத வரிகளை மட்டும் தனியே எடுத்து, உள்ளூர் மணி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாமே நள்ளிரவுக்கும் காலை 5:30-க்கும் நடுவில் பதிவானவை. அதற்கப்புறம் விளக்கமே தேவைப்படவில்லை. உங்களுக்கும் ஒருநாள் பிசகினால் முதலில் இதைச் செய்து பாருங்கள். பிசகிய வரிகள் நாளின் எந்தப் பகுதியில் குவிகின்றனவோ, அந்த அகலம்தான் மண்டல வித்தியாசம்.

தீர்வு எளிது: க்வெரியிலேயே மண்டலத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். போஸ்ட்கிரெஸிலும், 2016 முதல் எஸ்க்யூஎல் சர்வரிலும் 'அட் டைம் ஸோன்' இருக்கிறது. பிக்க்வெரியில் டேட் ஃபங்ஷனுக்கு இரண்டாவது மதிப்பாக மண்டலத்தைத் தரலாம். தராவிட்டால் யூடிசி என்று எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லில் 'கன்வெர்ட் டிஇஸட்'. அதில் ஒரு கண்ணி உண்டு. மண்டலப் பட்டியல் டேபிள்களை சர்வரில் ஏற்றாமல் இருந்தால், மண்டலப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் பிழை எதுவும் காட்டாமல் நல் என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும்.

அரை மணி, முக்கால் மணி வித்தியாசம் உள்ள மண்டலங்களில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. மணி வாரியாகத் தொகுக்கும்போது யூடிசியில் மணிக்கு வெட்டிவிட்டுப் பிறகு உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால், ஒவ்வொரு கட்டமும் 5:30 முதல் 6:30 வரை, 6:30 முதல் 7:30 வரை என்று விழும். முதலில் மாற்றுங்கள், பிறகு வெட்டுங்கள். முழு மணி வித்தியாசம் உள்ள மண்டலத்துக்காரர்கள் எழுதிய கோடில் இந்தப் பிழை பல வருடம் பதுங்கியிருக்கும், ஏனென்றால் அவர்களுக்கு எந்த வரிசையில் செய்தாலும் ஒரே விடைதான் வரும்.

அட் டைம் ஸோன் போட்டேன். நேரம் எதிர்த் திசையில் நகர்கிறது!

போஸ்ட்கிரெஸ்தானே? அங்கே அந்தச் சொல் இரண்டு வேலை செய்கிறது. மண்டலத்தோடு கூடிய மதிப்புக்குப் போட்டால் 'இந்தக் கணம் அந்த மண்டலத்தின் கடிகாரத்தில் எத்தனை மணி' என்று பொருள். மண்டலம் இல்லாத மதிப்பு திரும்பி வரும். மண்டலம் இல்லாத மதிப்புக்குப் போட்டால் 'இந்தக் கடிகார நேரம் அந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்' என்று பொருள். மண்டலத்தோடு கூடிய மதிப்பு திரும்பி வரும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: நெடுவரிசை மண்டலம் இல்லாத வகை, உள்ளே எழுதியிருப்பதோ யூடிசி நேரம். அதற்கு ஒரே ஒரு முறை உள்ளூர் மண்டலத்தைப் போட்டால், 'இது உள்ளூர் நேரம்' என்று தவறாக முத்திரை குத்தியதாகிவிடும். இரண்டு முறை போட வேண்டும். முதலில் யூடிசி என்று, பிறகு உள்ளூர் மண்டலம் என்று. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. எஸ்க்யூஎல் சர்வரிலும் டேட்டைம்2 போன்ற வகைகளுக்கு இதே இரட்டை அடுக்குதான்.

இன்னொரு குழி: மண்டலத்தின் பெயரை விட்டுவிட்டு 'யூடிசி கூட்டல் 5' என்று எழுத்தாகக் கொடுப்பது. போஸ்ட்கிரெஸ் அதை போசிக்ஸ் முறைப்படி படிக்கும். அந்த முறையில் கூட்டல் குறிக்கு மேற்கு என்று அர்த்தம். நீங்கள் கிழக்கே போக நினைத்தால் அது மேற்கே கொண்டுபோய் விடும். எப்போதும் கண்டம், நகரம் கொண்ட முழுப் பெயரையே எழுதுங்கள்.

காஸ்ட், ட்ரங்க், எக்ஸ்ட்ராக்ட், டு கேர்: எதை எப்போது?

ஒவ்வொன்றும் திருப்பித் தரும் வகை வேறு. அதைப் பிடித்துக்கொண்டால் போதும். காஸ்ட் தேதியைத் தருகிறது. போஸ்ட்கிரெஸின் டேட் ட்ரங்க் டைம்ஸ்டாம்ப்பையே தருகிறது, மாதத்தின் முதல் நாள் நள்ளிரவு என்பது போல் கீழ்ப்பக்கம் வெட்டி. எக்ஸ்ட்ராக்ட் எண்ணைத் தருகிறது. டு கேர் எழுத்தைத் தருகிறது.

தேதி தேதியாகவே இருக்கும் வரை வரிசைப்படுத்தலாம், கழிக்கலாம், ஒப்பிடலாம். எழுத்தாகிவிட்டால் அது வெறும் எழுத்துதான். நாள்-மாதம்-ஆண்டு என்று எழுத்தாக்கிவிட்டு வரிசைப்படுத்துங்கள்: 01-12-2023 முதலில் வரும், 02-01-2023 அடுத்து, 03-11-2023 அதற்கடுத்து. ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதினால் எழுத்து வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாகிவிடும். இப்படி எழுதும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையை நான் விரும்ப முதல் காரணம் இது. ஆகவே ஃபார்மட் செய்வது எப்போதும் கடைசி வேலை. உள் க்வெரியில் டு கேர் கண்ணில் பட்டால் நான் சந்தேகப்படுவேன்.

எஸ்க்யூலைட்டின் 'எஸ்டிஆர்எஃப்டைம்' மாத எண் கேட்டாலும் எழுத்தாகவே தரும். 'மாதம் = 1' என்று எண்ணோடு ஒப்பிட்டால் பொருந்தாது; மேற்கோளுக்குள் 01 என்று எழுத வேண்டும், அல்லது எண்ணாக காஸ்ட் செய்ய வேண்டும்.

நிமிடம் எப்போதும் ஒரே எண்ணாக வருகிறதே?

அந்த எண் இப்போதைய மாதமா என்று பாருங்கள். கண்டிப்பாக அதுதான்.

போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் 'எம்எம்' என்றால் மாதம். நிமிடத்துக்கு 'எம்ஐ'. பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, எம்எம் என்றால் மாதம்தான். எஸ்க்யூஎல் சர்வரின் ஃபார்மட் ஃபங்ஷனில் பெரிய எம்எம் மாதம், சின்ன எம்எம் நிமிடம். மைஎஸ்க்யூஎல்லின் டேட் ஃபார்மட்டில் சதவீதக் குறியோடு சின்ன எம் மாத எண், பெரிய எம் மாதத்தின் பெயர், நிமிடத்துக்கு சின்ன ஐ. எஸ்க்யூலைட்டில் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஃபார்மட்டைக் காப்பி செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பிழை எளிதில் சிக்காததற்குக் காரணம், 10:03 என்பது பார்க்க ஒரு நல்ல நேரம் மாதிரியே இருப்பதுதான்.

மணியிலும் இதே கதை. போஸ்ட்கிரெஸில் வெறும் 'எச்எச்' 12 மணிக் கணக்கு. பிற்பகல் 3-ம் அதிகாலை 3-ம் ஒன்றாகிவிடும். 24-ஐச் சேர்த்து 'எச்எச்24' என்று எழுதுங்கள்.

மாதப் பெயருக்குப் பின்னால் ஏன் இத்தனை இடைவெளி?

போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் பெயர்களை ஒரே அகலத்துக்கு இடைவெளி விட்டு நிரப்பும். போஸ்ட்கிரெஸில் அந்த அகலம் 9 எழுத்து. முன்னால் 'எஃப்எம்' சேர்த்தால் இடைவெளி போய்விடும். மேலாக, மாதத்தின் பெயரை வைத்து 'சமம்' என்று ஒப்பிடாதீர்கள். செப்டம்பர் மட்டும் ஏன் பொருந்துகிறது என்று தேடித் திரிவீர்கள்.

மாதத்தின் பெயர் தமிழில் வருமா?

வரும். மைஎஸ்க்யூஎல்லில் 'எல்சி டைம் நேம்ஸ்' என்ற செட்டிங்கில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். போஸ்ட்கிரெஸில் ஃபார்மட்டுக்கு முன்னால் 'டிஎம்' சேர்த்தால் சர்வரின் எல்சி டைம் மொழியில் தரும். அந்த மொழி சர்வரின் இயங்குதளத்தில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் ஃபார்மட் ஃபங்ஷனுக்கு மூன்றாவது மதிப்பாக மொழியைக் கொடுக்கலாம், ஆனால் லட்சக்கணக்கான வரிகளுக்கு அந்த ஃபங்ஷன் மெதுவானது, கன்வெர்ட்டைவிடப் பல மடங்கு. நான் செய்வது வேறு: பன்னிரண்டு வரி கொண்ட சின்ன டேபிள், மாத எண்ணும் பெயரும். 'ஜூன்' வேண்டுமா 'ஜுன்' வேண்டுமா, சுருக்கம் 'செப்.' என்று இருக்க வேண்டுமா என்பதை சர்வர் முடிவு செய்ய வேண்டாம், நானே முடிவு செய்துகொள்கிறேன்.

ஜனவரி 1 முதல் 31 வரை பிட்வீன் போட்டேன். கடைசி நாள் காணோம்.

நேரம் சொல்லாத தேதியை டேட்டாபேஸ் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 'பிட்வீன்' ஜனவரி 31 நள்ளிரவு 00:00:00-உடன் நின்றுவிடும். அந்த நாளில் அதற்குப் பிறகு நடந்த எதுவும் வராது.

உடனே எல்லோரும் செய்யும் வைத்தியம், முடிவை 23:59:59 என்று நீட்டுவது. அப்போது கடைசி ஒரு நொடிக்குள் வந்தவை தப்பிப்போகும். போஸ்ட்கிரெஸ் மைக்ரோநொடி வரை வைத்திருக்கிறது, ஒரு நொடியில் பத்து லட்சம் இடம் இருக்கிறது. சரி, 23:59:59.999 என்று எழுதினால்? எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை மில்லிநொடியை 0, 3, 7 என்று முடியும்படி முழுமையாக்கும். 999-ஐ அது மேல்நோக்கித் தள்ளி பிப்ரவரி 1 நள்ளிரவு ஆக்கிவிடும். இப்போது அடுத்த மாதத்தின் வரிகளும் உள்ளே வந்துவிட்டன.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: ஜனவரி 1-க்குச் சமம் அல்லது அதற்குப் பிறகு, அதே சமயம் பிப்ரவரி 1-க்கு முன்பு. தொடக்கம் சேர்த்தி, முடிவு சேராது. மாதத்துக்கு 28 நாளா 31 நாளா என்று யோசிக்கவே வேண்டாம், நொடிக்கு எத்தனை தசமம் என்ற கவலையும் இல்லை. பிட்வீன் நல்ல ஆள்தான், ஆனால் வெறும் தேதி வகைக்கு மட்டும்.

இதோடு ஒட்டிய ஒன்று. மைஎஸ்க்யூஎல்லில் நொடியின் தசமம் இல்லாத டேட்டைம் நெடுவரிசையில் 23:59:59.6 என்று எழுதினால், அது முழுமையாக்கி அடுத்த நாள் நள்ளிரவாக வைத்துக்கொள்ளும். தேதி எடுக்கும் உங்கள் க்வெரியில் எந்தக் குறையும் இல்லாமலேயே தேதி மாறிப்போகும்.

வரிகளை வடிகட்டும் 'வேர்' நிபந்தனையில் டேட் ஃபங்ஷன் போட்டதும் க்வெரி ஊர்ந்து போகிறது. ஏன்?

நெடுவரிசையின் மேல் இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது நெடுவரிசையை அல்ல, அதை ஃபங்ஷனில் போட்டுப் பிழிந்து வரும் விடையை. அந்த விடை இன்டெக்ஸில் இல்லை. ஒவ்வொரு வரியாக எடுத்து ஃபங்ஷனை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேலே சொன்ன தொடக்கம்-முடிவு முறைக்கு மாற்றினாலே பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்தது, ஏனென்றால் அதில் நெடுவரிசை யாரும் தொடாமல் சும்மா நிற்கிறது.

மண்டலம் மாற்ற வேண்டியிருந்தாலும் அதே விதி. நெடுவரிசையை மாற்றாதீர்கள், எல்லைகளை மாற்றுங்கள். 'உள்ளூர் மார்ச் 5 நள்ளிரவு' என்ற ஒரு மதிப்பை யூடிசிக்கு மாற்றுவது ஒரே ஒரு கணக்கு. கோடி வரிகளை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது கோடி கணக்கு.

விதிவிலக்குகள் உண்டு. எஸ்க்யூஎல் சர்வர் டேட்டுக்கு காஸ்ட் செய்வதை மட்டும் புரிந்துகொண்டு இன்டெக்ஸைப் பயன்படுத்தும். மரியாடிபி 11.1 முதல் டேட், இயர் ஃபங்ஷன்களின் ஒப்பீட்டை உள்ளுக்குள் எல்லைகளாக மாற்றிக்கொள்கிறது. இதை நம்பி எழுதும் பழக்கம் வேண்டாம் என்பேன், நாளைக்கு வேறு டேட்டாபேஸுக்குப் போனால் கை பழக்கமும் கூடவே வரும்.

ஃபங்ஷனின் விடைக்கே இன்டெக்ஸ் போடலாமே என்றால், போடலாம். போஸ்ட்கிரெஸில் வெகு காலமாக உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் 8.0.13 முதல். ஆனால் போஸ்ட்கிரெஸில் மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப்பை டேட் ஆக்கி இன்டெக்ஸ் போட முயன்றால் மறுத்துவிடும். அந்த விடை செஷன் செட்டிங்கைப் பொறுத்து மாறும், மாறும் ஒன்றை இன்டெக்ஸில் எழுத முடியாது என்று அது சொல்கிறது. மண்டலத்தைப் பெயர் சொல்லி மாற்றிவிட்டு டேட் ஆக்கினால் ஏற்றுக்கொள்ளும். எந்த மண்டலத்தின் தேதி என்று டேட்டாபேஸே நம்மை நிறுத்திக் கேட்கும் அபூர்வமான இடம் இது.

மாத வாரியாகத் தொகுத்தேன், எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறது.

எக்ஸ்ட்ராக்ட் செய்து மாத எண்ணை மட்டும் எடுத்திருப்பீர்கள். எல்லா ஆண்டின் மார்ச்சும் ஒரே மார்ச்சாகச் சேர்ந்துவிட்டது. ஆண்டையும் சேர்த்துத் தொகுங்கள், அல்லது டேட் ட்ரங்கில் 'மன்த்' கொடுங்கள். ஆரக்கிளில் ட்ரங்குக்கு எம்எம். எஸ்க்யூஎல் சர்வரில் 2022 பதிப்பில்தான் டேட்ட்ரங்க் வந்தது.

எதுவும் நடக்காத நாள்கள் ரிப்போர்ட்டில் வரவே இல்லை.

இல்லாத வரியைத் தொகுக்க முடியாது. முதலில் நாள்களின் பட்டியல் ஒன்று வேண்டும். போஸ்ட்கிரெஸில் 'ஜெனரேட் சீரிஸ்', மைஎஸ்க்யூஎல் 8-ல் தன்னைத்தானே அழைக்கும் வித் க்வெரி. அடிக்கடி தேவைப்பட்டால் நாள்காட்டி டேபிள் ஒன்றையே செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுக்கும் சேர்த்து இருபதாயிரம் வரிகூட வராது. விடுமுறை, வார எண், காலாண்டு எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிடலாம்.

அந்தப் பட்டியலை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க வரிகள் எதையும் விடாமல் இரண்டு டேபிளை இணைப்பது) செய்யுங்கள். இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். வலப்பக்க டேபிளின் நிபந்தனையை வேரில் எழுதினால் காலியான நாள்கள் மறுபடி மறைந்துவிடும். அதை 'ஆன்' பகுதியில் எழுத வேண்டும். அப்புறம், கவுண்டுக்குள் நட்சத்திரம் போட்டால் காலியான நாளுக்கும் 1 என்று வரும். வலப்பக்க டேபிளின் நெடுவரிசை ஒன்றைக் கொடுத்தால்தான் 0.

எல்லா நாளும் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. சமோவா நாடு 2011-ல் தேதிக் கோட்டின் மறுபக்கம் தாவியபோது டிசம்பர் 30 என்ற நாளே அங்கே வரவில்லை.

வார வாரியாக எடுக்கும்போது ஆண்டு முடிவில் குளறுபடி.

ஐஎஸ்ஓ முறையில் வாரம் திங்களில் தொடங்கும். ஜனவரி 4 எந்த வாரத்தில் விழுகிறதோ அதுதான் முதல் வாரம். அதனால் 2024 டிசம்பர் 30, 2025-ன் முதல் வாரம். 2021 ஜனவரி 1, 2020-ன் 53-ஆம் வாரம். வார எண்ணோடு சாதாரண ஆண்டை ஒட்டினால் '2021-ன் 53-ஆம் வாரம்' என்ற, எந்த நாள்காட்டியிலும் இல்லாத வாரம் பிறந்துவிடும். போஸ்ட்கிரெஸில் 'ஐடபிள்யூ'வுக்கு ஜோடி 'ஐஒய்ஒய்ஒய்'. ஒய் நான்கு போட்டால் ஜோடி பொருந்தாது.

இதே விபத்து மறுபக்கமும் நடக்கும். ஜாவாவில் பெரிய ஒய் நான்கு என்றால் வார ஆண்டு, சின்ன ஒய்தான் வழக்கமான ஆண்டு. வருடம் முழுக்கச் சரியாக ஓடிவிட்டு டிசம்பர் கடைசியில் அடுத்த ஆண்டைக் காட்டும் திரைகளுக்கு இதுதான் காரணம்.

வார எண் வேண்டாம் என்றால், வாரத்தின் திங்கட்கிழமைத் தேதியை வைத்துத் தொகுங்கள். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். '27-ஆம் வாரம்' என்றால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை.

ஞாயிறு 0-வா, 1-ஆ, 7-ஆ?

மூன்றும்தான். போஸ்ட்கிரெஸ் எக்ஸ்ட்ராக்டில் 'டிஓடபிள்யூ' ஞாயிறை 0 என்கிறது, 'ஐஎஸ்ஓடிஓடபிள்யூ' 7 என்கிறது, டு கேரின் 'டி' 1 என்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் 'டேஆஃப்வீக்' ஞாயிறை 1 என்றும், 'வீக்டே' திங்களை 0 என்றும் எண்ணும். எஸ்க்யூஎல் சர்வரில் டேட்ஃபர்ஸ்ட் செட்டிங்கைப் பொறுத்து மாறும். தெரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெடுவரிசையில் நீளமான எண் மட்டும் இருக்கிறது. அதில் தேதி எங்கே?

இலக்கங்களை எண்ணுங்கள். 10 இலக்கம் என்றால் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகள், 13 என்றால் மில்லிநொடிகள். 1700000000 என்பது 2023 நவம்பர் 14, யூடிசி 22:13:20. மில்லிநொடியை நொடி என்று நினைத்தால் ஐம்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் ஆண்டு என்று வரும். நொடியை மில்லிநொடி என்று நினைத்தால் எல்லாமே 1970 ஜனவரி 20 வாக்கில் குவியும். இரண்டாவது ஆபத்தானது, ஏனென்றால் அது பார்க்க ஒரு தேதி போலவே இருக்கும்.

மாற்ற: போஸ்ட்கிரெஸில் 'டு டைம்ஸ்டாம்ப்', மைஎஸ்க்யூஎல்லில் 'ஃப்ரம் யூனிக்ஸ்டைம்', எஸ்க்யூலைட்டில் டேட் ஃபங்ஷனோடு 'யூனிக்ஸ்இபாக்'.

எங்கள் வேலை நாள் காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. இரவு ஷிஃப்ட்டை முந்தைய நாளில் சேர்க்க வேண்டும்.

உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, 6 மணி நேரத்தைக் கழித்து, பிறகு டேட் ஆக்குங்கள். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கும் இதே தந்திரம்: 3 மாதம் கழித்துவிட்டு ஆண்டை எடுத்தால் நிதியாண்டின் தொடக்க ஆண்டு கிடைக்கும். கேஸ் வைத்து நாலு கிளை எழுத வேண்டாம்.

இரண்டு நிமிட இடைவெளியை ஒரு நாள் என்று காட்டுகிறது.

எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டிஃப் கடந்துபோன நேரத்தை அளப்பதில்லை, தாண்டிய எல்லைகளை எண்ணுகிறது. இரவு 11:59-க்கும் 12:01-க்கும் நடுவில் ஒரு நள்ளிரவு இருக்கிறது, ஆகவே ஒரு நாள். அதே போல் டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் நடுவே ஒரு 'ஆண்டு'. அதை வைத்து வயதைக் கணக்கிடாதீர்கள்.

ஃபார்மட்டை க்வெரியில் செய்வதா, அப்ளிகேஷனிலா?

திரைக்குப் போவதென்றால் அப்ளிகேஷனில். பார்ப்பவரின் மொழியும் மண்டலமும் அங்கேதான் தெரியும். எக்செலுக்கோ கோப்புக்கோ நேராகப் போகும் ரிப்போர்ட் என்றால் கடைசி செலக்டில் ஃபார்மட் செய்யலாம், தப்பில்லை. ஃபார்மட் செய்த எழுத்தை டேபிளில் சேமிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். செய்தால் உங்களுக்குப் பின் வருபவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

தேதி எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. இப்போது என்ன செய்ய?

புதிதாக டேட் வகை நெடுவரிசை ஒன்று சேர்த்து, பழையதை அதில் மாற்றி எழுதுங்கள். பழையதை உடனே அழிக்க வேண்டாம். ஃபார்மட்டைக் கையால் கொடுத்து மாற்றுங்கள்: போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் 'டு டேட்', மைஎஸ்க்யூஎல்லில் 'எஸ்டிஆர் டு டேட்', எஸ்க்யூஎல் சர்வரில் நாள்/மாதம்/ஆண்டு முறைக்கான ஸ்டைல் எண் 103 கொடுத்து 'ட்ரை கன்வெர்ட்'. கடைசியது மாற்ற முடியாத வரிக்கு நல் தரும், க்வெரி முழுவதும் விழாது.

எஸ்க்யூஎல் சர்வரில் இன்னொரு விஷயம். ஆண்டு-மாதம்-நாள் என்று கோடு போட்டு எழுதினால் பாதுகாப்பு என்று நினைப்போம். செஷன் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால், பழைய டேட்டைம் வகைக்கு 2024-03-04 என்பது ஏப்ரல் 3. கோடே இல்லாமல் 20240304 என்று எழுதினால் எந்த மொழியிலும் மார்ச் 4-தான். டேட், டேட்டைம்2 வகைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பலர் பல விதமாக எழுதிய நெடுவரிசை என்றால் கஷ்டம்தான். 03/04 எந்த முறையிலும் செல்லுபடியாகும், டேட்டாபேஸ் எந்தப் பிழையும் சொல்லாது. நாள் 12-ஐத் தாண்டும் வரிகள் மட்டுமே முறையைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே முதலில் அவற்றைத் தனியே எடுங்கள். யார் எழுதியது, எந்தக் கோப்பிலிருந்து வந்தது, எந்த மாதம் பதிவானது என்று தொகுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு மூலம் ஒரே முறையில்தான் எழுதியிருக்கும். மூலம் வாரியாக முறையை முடிவு செய்து மாற்றுங்கள். வரி எண் ஏறும்போது தேதியும் ஏற வேண்டும் என்பதை வைத்து மீதியைச் சரிபார்க்கலாம். அதற்கும் பிடிபடாத வரிகள் கொஞ்சம் மிஞ்சும். அவற்றில் ஊகித்து ஒரு தேதியை எழுதாமல், நல் என்றே விட்டுவிடுங்கள்.